காலை ஆட்டினால் கிரேன் நிற்கும்

1. வேண்டாம் என்று சொன்ன வேலை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் சேஃப்டி ஆபீசராக இருந்த காலம் முழுவதும் எனக்கு இரண்டு பெயர். நேரில் பத்மா மேடம். முதுகுக்குப் பின்னால் 'நிப்பாட்டு மேடம்'. ரோலிங் மில், ஃபவுண்டரி, பிளாஸ்டிக் கம்பெனி, கொஞ்ச காலம் அத்திப்பட்டு பக்கம் பவர் பிளான்ட் கான்ட்ராக்ட் என்று போன இடத்திலெல்லாம் ஓடுகிற வேலையை நிறுத்தித்தான் சம்பளம் வாங்கினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சேஃப்டி டிப்ளமோ முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் ஒரு அனுபவம் சொல்லச் சொல்வார்கள். பாய்லர் கதையோ உருக்கு உலைக் கதையோ வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது ஒரு ஷூட்டிங் கதை. முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ரிட்டயர் ஆகி மணவாள நகரில் வீட்டோடு இருந்தபோது, கிரேன் வாடகைக்கு விடும் பழைய பழக்கக்காரர் ஒருவர் போன் செய்தார்.

"மேடம், ஜப்பான்காரங்க படம் எடுக்குறாங்க. மூடிக் கெடக்குதே அந்த ரோலிங் மில்லு, அங்கதான். என் கிரேன்தான் போவுது. அதுல ஒரு சின்னக் கொயந்தைய மேல தூக்கணுமாம். நீங்க வந்து நின்னீங்கன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

"சரக்கு தூக்குறதுக்குத்தான் கிரேன். மனுஷங்களத் தூக்குறதுக்கு இல்ல. இத்தன வருஷமா உங்களுக்கு நான் சொன்னது இதானே?"

"சொன்னீங்க. நீங்க வரலன்னா சேஃப்டி ஆளே இல்லாம தூக்குவாங்க. அதையும் யோசிங்க."

அந்த மனிதருக்கு என்னை எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரியும். மறுநாள் காலை போய் நின்றேன்.

அது ஒரு சூப்பர்ஹீரோ படம். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் சாதாரண ஆள் ஒருவன், ஆபத்து வரும்போது உருமாறி மீன்கொத்தி மாதிரி நீலக் கவசமும் நீண்ட அலகு வைத்த முகமூடியுமாக நிற்பான். ஊரே துரத்துகிற ஒரு சிறுமியைக் காப்பாற்றுவதுதான் கதை. எரிகிற தொழிற்சாலையின் உச்சியிலிருந்து அவளைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்குத்தான் கிரேன், நான், இத்தனை கலாட்டாவும்.

டைரக்டர் ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் சதீஷ். சென்னைப் பையன், ஜப்பானில் படித்தவன். ஷூட்டிங் ஏற்பாடு, மொழிபெயர்ப்பு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் அவன் தலையில்தான் விழுந்திருந்தது. அதனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவன் முகத்தில் நிரந்தரமாக ஒட்டியிருந்தது.

நான் இரண்டு நிபந்தனை வைத்தேன். முதலாவது, குழந்தைக்கு உடம்பைச் சுற்றிக் கட்டும் தனி ஹார்னஸ், தொங்குவதற்குத் தனி ஒயர். ஹீரோவின் கையில் இருப்பது போலத் தெரியலாம். ஆனால் அவர் கையை விட்டாலும் அவள் தன் ஒயரில் பத்திரமாகத் தொங்க வேண்டும். இதை டைரக்டர் நான் முடிக்கும் முன்பே ஒத்துக்கொண்டார். அவர்களும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தார்கள்.

இரண்டாவது, 'நிறுத்து' என்று அந்த இடத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் கிரேன் நின்றுவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு. எங்கள் பிளான்ட்களில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு.

சதீஷின் முகம் சுருங்கியது. "மேடம், ஷூட்டிங்ல கட் சொல்றது டைரக்டர் ஒருத்தர்தான்."

"நான் 'கட்' சொல்றதைப் பத்திப் பேசல தம்பி. கிரேனைப் பத்திப் பேசுறேன். அவருக்கு அப்படியே சொல்லுங்க."

அவன் நீளமாக ஏதோ ஜப்பானிய மொழியில் சொன்னான். டைரக்டர் தலையாட்டினார். நானும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2. முகமூடியைக் கழற்றாத மனிதர்

சிறுமியின் பெயர் மோனிஷா. ஆறு வயது. செவ்வாப்பேட்டையிலிருந்து அம்மா தேவியோடு வருவாள். தேவிக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பள்ளிக்கூடத்தில் வந்து பிள்ளைகளைப் பார்த்தவர்கள் மோனிஷாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தேவிக்குப் பெருமை பாதி, பயம் பாதி.

"மேல தூக்குவாங்கன்னு நெனச்சாலே பயமாகீது மேடம். ஆனா வேணான்னு சொன்னா, இவ அப்பால காலத்துக்கும் என்னைக் கேட்டுக்கினே இருப்பா" என்றார்.

மீன்கொத்தி உடைக்குள் இருந்தவர் கென்ஜி. ஐம்பதை நெருங்கியவர், முன்பக்கம் நரைத்துவிட்டது. வாலிப வயதிலிருந்து இந்த மாதிரி உடைகளுக்குள் இருந்து நடிப்பதே அவர் தொழில். முகம் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. முகமூடி மாட்டிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கத்தில் குழந்தை இருந்தால் முகமூடியைக் கழற்றவே மாட்டார்.

"ஏன்?" என்று சதீஷைக் கேட்டேன்.

"கொழந்த நம்பிக்கிட்டு இருக்கும்ல மேடம். அதைக் கெடுக்கக் கூடாதாம். அவங்க தொழில்ல அது பெரிய மரியாதை."

கும்மிடிப்பூண்டி வெயிலில், ரப்பரும் ஸ்பாஞ்சுமாக ஒரு கவசத்துக்குள் நிற்கிறவருக்கு இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு அவரும் மோனிஷாவும் பேசிக்கொள்வதைப் பார்த்தேன்.

"நீ மீனு துன்னியா?" என்று அவள் கேட்டாள்.

மீன்கொத்தி யோசிப்பது போல அலகைச் சாய்த்து, பிறகு வயிற்றைத் தடவிக் காட்டியது.

"எவ்ளோ?"

இரண்டு கையையும் அகல விரித்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கி இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டார். அவளை அம்மா கூட்டிப்போன பிறகு முகமூடியைக் கழற்றி அதைச் சாப்பிட்டார். தூக்கிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகு அந்த வழக்கத்தைக் கூத்து என்று நான் சொல்லவில்லை.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் மோனிஷாவை ஷெட்டுக்குப் பின்பக்கம் நிழலுக்கு அனுப்ப வேண்டும். அவர் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடித்து, கழுத்தில் ஐஸ் துணி வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். முதல் இரண்டு நாளும் அது ஒழுங்காக நடந்தது.

3. விளையாட்டுக்கு நின்ற கிரேன்

கிரேன் ஆபரேட்டர் ஏழுமலை. கவரப்பேட்டைக்காரர். பவர் பிளான்ட் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். கிரேன் ஓட்டும்போது என் கைச் சைகையைத் தவிர வேறு யார் கையையும் பார்க்கமாட்டார், எனக்கு அது போதும்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. கீழே கேஸ் குழாய்களில் தீ எரியும். புயல் காட்ட ஆளுயர ஃபேன் சுற்றும். அந்தச் சத்தத்தில் மேலே இருக்கும் குழந்தை கத்தினாலும் கேட்காது. அதனால் மோனிஷாவை உட்காரவைத்துச் சொன்னேன்.

"மேல உனக்கு ஏதாச்சும் சரியில்லன்னா ரெண்டு காலையும் ஆட்டு. நான் பாத்துக்கினே இருப்பேன். நீ ஆட்டினா கிரேன் நின்னுடும்."

"நெஜமாவா?"

"நெஜமா."

ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய கிரேனை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன செய்யும்? சோதித்துப் பார்க்கும். மூன்றாம் நாள் முதல் ஒத்திகையில், கேண்ட்ரி என்கிற பழைய இரும்புச் சட்டத்தின் உயரத்துக்கு இரண்டு பேரையும் தூக்கியதும் அவள் காலை ஆட்டினாள். நான் கையைக் காட்டினேன், ஏழுமலை நிறுத்தினார். இறக்கிப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே நின்னுச்சு" என்றாள்.

இரண்டாவது ஒத்திகையிலும் அதே கதை. இந்த முறை பழவேற்காடு பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடுமோ என்று கேமராக்காரர்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சதீஷ் ஓடி வந்தான்.

"மேடம், அது வெளையாடுது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தினா இன்னிக்கு ஷாட்டே கெடைக்காது. காலை ஆட்டாதேன்னு அதட்டிச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"பிளீஸ் மேடம்."

"ஆட்டினா நிக்கும்னு சொல்லிட்டு, ஆட்டினதுக்குத் திட்டினா அது அப்புறம் எப்பவும் ஆட்டாது. அதுக்கு நான் இங்க எதுக்கு?"

அதற்குள் தேவி மகளின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். "இன்னொரு தபா காலை ஆட்டினே, ஊட்டுக்கு வா, தோல உரிச்சிடுறேன். இத்தினி பேரு பேஜாராவுறாங்க உன்னால."

மோனிஷாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, தேவியை ஓரமாக நகர்த்தி, குழந்தை முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"நீ ஆட்டினது தப்பில்ல. திரும்பவும் ஆட்டலாம். எத்தினி தபா வேணும்னாலும் நிறுத்துவேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையசைத்தாள். மீன்கொத்தி பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவியது.

இந்த இழுபறியில் ஒன்று நடந்துவிட்டது. ஒத்திகைக்கும் ஷாட்டுக்கும் நடுவில் ஹார்னஸைக் கழற்றவே இல்லை. குழந்தை அவரை ஒட்டியே நின்றதால் அவர் முகமூடியையும் கழற்றவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"சதீஷ், அவரு தண்ணி குடிச்சாரா?"

சதீஷ் அவரிடம் ஏதோ கேட்டான். நீலக் கையுறையில் கட்டைவிரல் மேலே உயர்ந்தது.

"ஓகேவாம் மேடம்."

"குடிச்சாரான்னு கேட்டேன்."

இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறை கட்டைவிரல். மேகம் சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர் கையைத் தூக்கினார்.

4. மூன்றாவது முறை

அந்தக் கட்டைவிரலை நம்பி நானும் கை காட்டினேன், ஏழுமலை தூக்கினார். இரண்டு பேரும் கேண்ட்ரி உயரத்துக்குப் போய் நின்றார்கள். கேஸ் ஆள் வால்வைத் திறந்தார். குழாய்கள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. ஃபேன் சுழன்றது. நான் சாம்பல் நிறப் புகைக்கு நடுவில் குழந்தையின் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஏழுமலைக்கு இறக்கும்படி கை காட்டினேன்.

கால்வாசி தூரம் இறங்கியிருப்பார்கள். மோனிஷாவின் கால்கள் ஆடின.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் எரிச்சல்தான் வந்தது. மறுபடியுமா என்றுதான் மனசு சொன்னது. ஆனால் கை மனசைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்துவிட்டேன். கிரேன் நின்றது.

"மேடம்!" என்று சதீஷ் தலையில் கை வைத்தான். "கேமரா ஓடுது. பாப்பா வெளையாடுது. எறக்கச் சொல்லுங்க."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கால்கள் நிற்காமல் உதைத்துக்கொண்டிருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் மீன்கொத்தியின் கைகளைப் பார்த்தேன். குழந்தையைச் சுற்றி இருக்க வேண்டிய கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் தன் ஒயரில் தனியாகத் தொங்கினாள். தொங்கிக்கொண்டே, பின்பக்கம் சாயப்போகும் அந்த அலகுத் தலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"கேஸை மூடுங்க" என்று கத்தினேன்.

கேஸ் ஆள் அசையவில்லை. அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாரு?"

சதீஷ் கேட்டுச் சொன்னான். "கென்ஜி இவ்ளோ அசையாம நிக்கிறது பிரமாதமா இருக்காம்."

அத்தனை பேரும் ஒரு மனிதன் மயங்கித் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அது நடிப்பாகத் தெரிந்தது. முகம் இல்லாத ஒருவருக்கு என்ன ஆனாலும் அப்படித்தானே தெரியும்?

கீழே இறக்கவும் முடியாது. ஷாட்டுக்கும் பாதி உயரம்வரைதான் இறக்குவதாகத் திட்டம், நேர் கீழே தீ. நான் சதீஷின் சட்டைக் காலரைப் பிடித்தேன். என் சர்வீஸில் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை.

"நான் சொல்றத ஒரு வார்த்த கொறைக்காம சொல்லு. அந்த ஆளு நடிக்கல. செத்துக்கிட்டு இருக்காரு. கொழந்தைய யாரும் பிடிச்சிக்கிட்டு இல்ல."

சதீஷ் சொன்னான். டைரக்டர் நிமிர்ந்து மேலே பார்த்தார். மானிட்டரில் இல்லை, கண்ணால். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் ஃபேன் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கேஸ் ஆள் வால்வைத் திருகினார்.

வால்வை மூடினாலும் குழாயில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிந்து தீர வேண்டும். அதற்காகக் காத்திருக்க மனம் கேட்கவில்லை. பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, இடப்பக்கம் திருப்பி, தீ இல்லாத தரைக்கு மேல் கொண்டுவந்து இறக்குவது ஒன்றுதான் வழி. அவசரப்பட்டுத் திருப்பினால் இரண்டு பேரும் ஊஞ்சல் போல ஆடிப்போய் ஷெட் தூணில் மோதுவார்கள்.

ஏழுமலையைப் பார்த்து இடப்பக்கம் கை காட்டினேன். மெதுவாக, இன்னும் மெதுவாக. சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இறக்கு என்றார், ஒருவர் ஏணி எடு என்றார், தேவி மகளின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு தீப் பக்கம் ஓடினார், யாரோ இடுப்பைக் கட்டி இழுத்தார்கள். ஏழுமலை யாரையும் பார்க்கவில்லை. கேபின் கண்ணாடிக்குள் அவர் கண் என் கையிலேயே இருந்தது. பூம் நகர்ந்தது. ஒயர்கள் லேசாக ஆடி அடங்கின. மோனிஷா அந்தத் தலையை விடவில்லை.

அவர்கள் தரையைத் தொட்டபோது என் கை இறங்க மறுத்தது. அப்படியே மரத்துப்போய் நின்றுவிட்டது.

5. ஐஸ்

முகமூடியின் பூட்டு பின்கழுத்தில், உள்பக்கமாக இருந்தது. உடையைத் தைத்த ஜப்பானியப் பெரியவர் ஓடி வந்து திறந்தார். கென்ஜியின் முகம் செக்கச்சிவந்து இருந்தது. வாயோரம் வாந்தி. நெற்றியில் கை வைத்தேன், அடுப்பில் வைத்தது போலச் சுட்டது. கவசத்தின் ஜிப் சிக்கிக்கொண்டது. நான் கத்தரிக்கோல் கேட்டேன். தைத்த பெரியவர் தன் பையிலிருந்து எடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. தான் மாதக்கணக்கில் தைத்ததைத் தானே கழுத்திலிருந்து தொடைவரை வெட்டினார்.

ஆம்புலன்ஸ் கேட்டில் நின்றது, அதையும் சண்டை போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். உடனே ஏற்றுங்கள் என்று சதீஷ் துடித்தான்.

"மொதல்ல உடம்பக் குளிர வை. அப்புறம் வண்டி" என்றேன்.

வெயில் தாக்கி நினைவிழந்தவருக்கு அதுதான் முறை. டிப்ளமோ பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. கேட்டரிங் ஆட்கள் தெர்மாகோல் பெட்டியோடு ஐஸைக் கொட்டினார்கள். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் வைத்தோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். புயலுக்கு வைத்திருந்த ஃபேனை உருட்டிவந்து அவர்மேல் திருப்பினோம்.

ஹார்னஸ் கழற்றிய மோனிஷாவைத் தேவி இறுக்கிப் பிடித்திருந்தார். சதீஷ் ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்தினான். அவளுக்கு அவர் முகம் தெரியக் கூடாதாம். அந்த நிலையிலும் அவனுக்கு அந்த மரியாதை ஞாபகம் இருந்தது, பாவம். அவள் அவன் விரல்களை விலக்கிவிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள ஒரு தாத்தா கீறாரு" என்றாள்.

பிறகு, "அவருக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

கென்ஜியின் விரல்கள் அசைந்தபோது அங்கே நின்ற பாதிப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன். சேஃப்டி ஆபீசர் அழக் கூடாது என்று எந்த மேனுவலிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏற்றினோம்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் டைரக்டர் என்னிடம் கேட்டார், மூன்றாவது முறை ஏன் நிறுத்தினீர்கள் என்று. யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்பதுதானே நம் பேச்சு என்றேன். சதீஷ் அதை மொழிபெயர்க்காமல் நின்றான். தரையைப் பார்த்தான். பிறகு அவரிடம் ஏதோ சொன்னான், அதையே எனக்குத் தமிழில் சொன்னான். நான் வைத்த இரண்டாவது நிபந்தனையை முதல் நாள் அவன் அவரிடம் சொல்லவே இல்லையாம். 'எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். டைரக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயம்.

டைரக்டர் சத்தம் போடவில்லை. அமைதியாக ஒன்றைச் சொன்னார்.

"இதை முழுசா சொல்றேன் மேடம்" என்றான் சதீஷ். "என்கிட்ட சொல்லியிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன், அப்படிங்கிறாரு."

6. மறுபடியும் மேலே

கென்ஜி பிழைத்தார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெயில் தாக்கியதில் பழுதான சிறுநீரகம் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் சிரித்தார். அந்த ஷாட்டை எடுக்க அவர்கள் மழையெல்லாம் முடிந்து மார்கழியில் திரும்ப வந்தார்கள். வேறு ஆளை வைத்து எடுக்கலாம் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார். கென்ஜி கேட்கவில்லை. டாக்டரின் கடிதம் கையில் வந்த பிறகே நான் ஒப்புக்கொண்டேன். அதுவும் காலைக் குளிரில், வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும் என்ற பேச்சோடு.

தேவி விட்டாரா என்று கேட்பீர்கள். முதலில் விடவில்லை. பிறகு என்னிடம் வந்து சொன்னார்.

"தெனம் கேக்குறா மேடம், அந்தத் தாத்தா நல்லாகீறாரான்னு. நான் சொன்னா நம்பல. கண்ணால பாக்கட்டும். மேல ஏறுறது அவ இஷ்டம்."

அன்று காலை வேலை தொடங்கும் முன் டைரக்டர் எல்லோரையும் நிற்கவைத்தார். 'நிறுத்து' என்று ஒவ்வொருவரும் ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார். கேமராக்காரர், கேஸ் ஆள், டீ கொடுப்பவர், தேவி எல்லோரும் அவரவர் மொழியில் சொன்னார்கள். சதீஷ் இரண்டு மொழியிலும் சொன்னான்.

கென்ஜி கவசம் போட்டிருந்தார். புதியது. முகமூடி மட்டும் தலையில் இல்லை, கக்கத்தில் இருந்தது. முகம் மெலிந்திருந்தது. தன் தொழிலில் முதல் தடவையாக, உடையோடு, வெறும் முகத்தோடு ஒரு குழந்தை முன்னால் போய் மண்டியிட்டார். முகமூடியை இரண்டு தடவை கை மாற்றிக்கொண்டார். எரியும் தீக்கு மேலே தொங்கியபோதுகூட அந்த மனிதருக்கு இந்தப் பயம் இருந்திருக்காது.

மோனிஷா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். நரைத்த தலையைப் பார்த்தாள், அலகைப் பார்த்தாள். அவர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, அவள் பார்க்கும்படி குடித்தார். பாதியில் வைத்தார்.

"மீதி" என்றாள்.

அவர் மீதியையும் குடித்தார். பிறகு அவள் வெளியே வந்தாள்.

முகமூடியை மாட்டினோம். ஹார்னஸைச் சரிபார்த்தேன், இரண்டு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். கடைசியாக அவர் எப்படி இருக்கிறார் என்று சதீஷை விட்டுக் கேட்டேன். நீலக் கட்டைவிரல் உயர்ந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மோனிஷா அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக் கீழே மடக்கிவிட்டாள்.

"கையால சொல்லாத" என்றாள். முகமூடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். "உள்ள நல்லாகீறியா? வாயால சொல்லு."

தைத்த பெரியவர் தலை குனிந்துகொண்டார். அந்த மனிதர் முப்பது வருடத் தொழிலில் முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம்கூட விட்டதில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இளம் சேஃப்டி ஆபீசர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பொய்யாக நிறுத்தியவரைத் திட்டாதீர்கள், அவர்தான் ஒருநாள் நிஜமாக நிறுத்துவார். கட்டைவிரலை நம்பி லோடைத் தூக்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள், மாஸ்க்குக்குள், டேங்குக்குள் இருப்பவரின் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். அது அவருடைய எந்தப் பெருமையைக் கெடுத்தாலும் சரி, விழ வேண்டும். இதை நான் வேலை தொடங்கும் முன் நடக்கும் எத்தனையோ டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன். செய்துகாட்டியவள் அவள்தான்.

அலகுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் தினமும் கேட்டுக் கேட்டு அவருக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ்.

"நல்லாகீறேன்."

மோனிஷா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் ஏழுமலைக்குக் கை காட்டினேன்.